தொட்டதைச் சொல்லிவிடு

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில், முத்தையாபுரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று செயலாளர் அண்ணன் போனில் சொன்னபோது, "எதைப் பத்திண்ணே பேசட்டும்?" என்று கேட்டேன். "உனக்குத் தெரிஞ்சதைப் பேசுலே. ஆனா எங்களுக்குப் புரியுற மாதிரி பேசு" என்றார். என் தொழிலில் இந்த இரண்டும் ஒன்றாக அமைவது அபூர்வம். இருந்தாலும் முயற்சி செய்கிறேன். சிவில் அண்ணன்மார்கள், மெக்கானிக்கல் அண்ணன்மார்கள் யாரும் பயப்பட வேண்டாம். பந்தியில் இலை போடுவதற்குள் முடித்துவிடுவேன்.

நான் பேச வந்தது ஒரு சின்ன விஷயம். கம்ப்யூட்டரின் இயங்குதளத்தில், சி மொழியில் எழுதிய ஒரு ஃபங்ஷனுக்கு நடுவில் ஒரே ஒரு வரி அசெம்பிளி எழுதுவது. அந்த ஒரு வரியில் நான் ஒரே ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன். அதனால் ஒரு மனிதர் மேல் பழி விழுந்தது. அந்தக் கதையைச் சொல்வதற்குத்தான் இந்த மேடையை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நம் லேபுக்குப் போவோம். மைக்ரோபிராசசர் லேபில் 8085 கிட் ஞாபகம் இருக்கிறதா? பதினாறு எண் விசைகள், மேலே சிவப்பாக மின்னும் ஏழு கீற்று எழுத்துகள். நோட்டில் நிரலை எழுதி, பின்னட்டையில் ஒட்டிய அட்டவணையைப் பார்த்து ஒவ்வொரு கட்டளையையும் எண்ணாக்கி, ஒவ்வொன்றாக அமுக்க வேண்டும். 76 என்றால் நில். கடைசியில் அதை அமுக்க மறந்தால் பிராசசர் கண்டபடி ஓடிவிடும். லேப் அசிஸ்டென்ட் அண்ணாச்சி பின்னால் வந்து நின்று, "என்னவே, வண்டி பிரேக் இல்லாம போகுது" என்பார். அந்த அட்டவணையில் எஃப் 3 என்று ஓர் எண் உண்டு. 'இனி யார் கூப்பிட்டாலும் காதில் போட்டுக்கொள்ளாதே' என்று பிராசசருக்குச் சொல்கிற கட்டளை அது. எஃப் பி என்றால், 'இனி கேட்கலாம்'. தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். பத்து வருடம் கழித்து என்னைத் தூங்கவிடாமல் செய்யப்போகிறது என்று அன்றைக்குத் தெரியாது.

யார் கூப்பிடுவார்கள் என்று கேட்கலாம். விசைப்பலகை கூப்பிடும், கடிகாரம் கூப்பிடும், நெட்வொர்க் கூப்பிடும். இதற்கு இன்டரப்ட் என்று பெயர். பிராசசர் செய்துகொண்டிருக்கிற வேலையை அப்படியே வைத்துவிட்டு அந்த அழைப்பைக் கவனித்துவிட்டு வர வேண்டும். இந்த அழைப்புகளையெல்லாம் ஒழுங்குபடுத்துகிற இடம்தான் இயங்குதளத்தின் நடுப்பகுதி, கெர்னல். நம் ஊர்த் துறைமுகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கப்பலும் தன் இஷ்டத்துக்கு உள்ளே வந்து கட்டிக்கொள்ள முடியாது. வெளியே நங்கூரம் போட்டு நிற்க வேண்டும். பைலட் போய் ஏறி அழைத்து வர வேண்டும். எந்தத் தளத்தில் கட்டுவது என்று நிர்வாகம் சொல்ல வேண்டும். நீங்கள் செல்போனில் பயன்படுத்துகிற செயலிகள் எல்லாம் கப்பல்கள். கெர்னல்தான் துறைமுக நிர்வாகம்.

இந்தக் கெர்னலை எந்த மொழியில் எழுதுவது? 1969ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸன் யூனிக்ஸை ஆரம்பித்தபோது அது முழுக்க அசெம்பிளி. அதாவது நம் 8085 நோட்டு மாதிரியே, அந்த எந்திரத்துக்கென்றே எழுதிய கட்டளைகள். எந்திரம் மாறினால் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும். டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கிய பிறகு, 1973ல் யூனிக்ஸ் கெர்னல் சி மொழிக்கு மாறியது. ஆனால் முழுவதும் மாறவில்லை. 1978ல் தாம்ஸன் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறார். கெர்னலில் சி மொழி சுமார் 10,000 வரி, அசெம்பிளி சுமார் 1,000 வரி. அந்த ஆயிரத்தில் 200 வரி வேகத்துக்காக எழுதியது. மீதி 800 வரி, சி மொழியில் சொல்லவே முடியாத காரணத்தால் எழுதியது.

இந்த 800 தான் நம் விஷயம். 'இன்டரப்டை நிறுத்து' என்பதற்குச் சி மொழியில் சொல்லே கிடையாது. 'இந்த வேலையை விட்டு அந்த வேலைக்குத் தாவு' என்பதற்கும் கிடையாது. 'இதற்கு முன் எழுதியதெல்லாம் மெமரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்ததைச் செய்' என்பதற்கு அந்தக் காலத்துச் சி மொழியில் இடமில்லை. சி என்பது எல்லா எந்திரத்துக்கும் பொதுவான பேச்சு. ஒவ்வொரு எந்திரத்துக்கும் வீட்டுக்குள் பேசுகிற பாஷை ஒன்று இருக்கிறது. சில காரியங்கள் அந்தப் பாஷையில் சொன்னால்தான் நடக்கும்.

பழைய யூனிக்ஸில் அசெம்பிளியைத் தனிக் கோப்பில் வைத்தார்கள். பெரிய வேலைகளுக்கு இன்றும் அதுதான் முறை. ஆனால் ஒரே ஒரு கட்டளைக்காகத் தனிக் கோப்பு வைத்து, ஒரு ஃபங்ஷனை அழைத்துத் திரும்பி வருவது வீண் செலவு. அதனால் கம்பைலர்கள் ஒரு வழி செய்து கொடுத்தன. 1987ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட ஜிசிசி கம்பைலர் இதற்கு விரிவான ஓர் இலக்கணமே வகுத்தது. 1991ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டபோது அந்த இலக்கணத்தைத் தாராளமாகப் பயன்படுத்தினார். லினக்ஸ் கெர்னலை ஜிசிசி இல்லாமல் வேறொரு கம்பைலரால் கட்டுவது நெடுங்காலம் சிரமமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். க்ளாங் என்ற போட்டிக் கம்பைலருக்கு, அந்த இலக்கணத்தின் ஒரு பகுதி 2019ல் வந்த 9ஆம் பதிப்பில்தான் கைகூடியது.

இலக்கணம் என்ன? சி ஃபங்ஷனுக்கு நடுவில் 'ஏஎஸ்எம்' என்று எழுதி, அடைப்புக்குள் மேற்கோள் குறி போட்டு அசெம்பிளிக் கட்டளையை எழுத வேண்டும். அதற்குப் பிறகு முக்காற்புள்ளி போட்டுப் போட்டு மூன்று பகுதிகள். முதல் பகுதி, இந்தக் கட்டளை எதைத் தரும். இரண்டாவது, எதை வாங்கிக்கொள்ளும். மூன்றாவது, இவை தவிர வேறு எதையெல்லாம் தொட்டுக் கலைத்துவிடும். கலைப்புப் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இங்கேதான் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. மேற்கோள் குறிக்குள் நீங்கள் எழுதியதைக் கம்பைலர் புரிந்துகொள்ளப் பார்க்காது. அதைப் பொறுத்தவரை அது ஒட்டிய கவர். பிரிக்காமல் அப்படியே அசெம்பிளர் கையில் கொடுத்துவிடும். உள்ளே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரிவதெல்லாம், கவருக்கு மேலே நீங்கள் எழுதிய மூன்று பகுதிகள் மட்டும்தான். நீங்கள் எழுதியதை அது அப்படியே நம்பும். எழுதாமல் விட்டதையும் நம்பும். 'மெமரியைத் தொடுவதாக இவர் சொல்லவில்லை, ஆகவே தொடவில்லை' என்று முடிவு கட்டிவிடும்.

இது பழைய கதை, இப்போதெல்லாம் யாருக்குத் தேவை என்று நினைக்க வேண்டாம். நம் தமிழ்நாட்டிலேயே இது இன்றைக்கு உயிரோடு இருக்கிற விஷயம். சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி அவர்கள் தலைமையிலான குழு 'சக்தி' என்ற பெயரில் பிராசசர்களை வடிவமைத்தது. 2010ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரிஸ்க் ஃபைவ் என்ற, யாருக்கும் உரிமத் தொகை கட்ட வேண்டாத கட்டளைத் தொகுப்பின்படி அமைந்தவை அவை. 2018ல் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் முறையில் செய்துவந்த சக்தி சில்லு லினக்ஸை இயக்கிக் காட்டியது. அதே ஆண்டில் நம் நாட்டின் செமிகண்டக்டர் லேபரட்டரியிலேயே 180 நானோமீட்டர் முறையில் இன்னொன்று உருவானது. 2025 பிப்ரவரியில், இஸ்ரோவும் சென்னை ஐஐடியும் சேர்ந்து, விண்வெளிப் பணிகளுக்கான 'ஐரிஸ்' என்ற சக்தி வழிச் சில்லை அறிவித்தன. திருவனந்தபுரம் சி-டாக்கின் 'வேகா' பிராசசர்களும் இதே ரிஸ்க் ஃபைவ் வம்சம்தான்.

புதிய பிராசசர் ஒன்று பிறந்தால் லினக்ஸில் எதையெல்லாம் மாற்ற வேண்டும்? லட்சக்கணக்கான வரிகளை அல்ல. எந்திரத்துக்கு எந்திரம் மாறுகிறவற்றையெல்லாம் லினக்ஸில் 'ஆர்ச்' என்ற ஒரே அடைவுக்குள் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ரிஸ்க் ஃபைவுக்கான பகுதி 2018 ஜனவரியில் வெளியான 4.15ஆம் பதிப்பில் சேர்ந்தது. இன்டரப்டை நிறுத்துவது, தடை போடுவது, சிறப்பு ரெஜிஸ்டர்களைப் படிப்பது எல்லாம் அங்கே சின்னச் சின்னத் துண்டுகளாக, சி மொழிக்குள் பொதிந்த அசெம்பிளியாக இருக்கின்றன. தாம்ஸனின் 800 வரிகள் இன்று அங்கே குடியிருக்கின்றன. நம் பிள்ளைகள் நாளைக்குப் புதுச் சில்லு செய்தால், முதலில் கை வைக்கப்போகிற இடமும் அதுதான்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2021ல் நான் ஒரு சிறு நிறுவனத்தில் இருந்தேன். பெயர் வேண்டாம். மீன், இறால் ஏற்றுமதிக்கான குளிர்கிடங்குகளில் வைக்கிற வெப்பநிலைப் பதிவுக் கருவி செய்தோம். ரிஸ்க் ஃபைவ் வகைச் சின்னப் பிராசசர். லினக்ஸ் அளவுக்கு இடமில்லாததால் சிறிய கெர்னல் ஒன்றை நானே எழுதினேன். கொஞ்சம் கர்வத்தோடுதான் எழுதினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கிடங்கில் எட்டு இடங்களில் சென்ஸார். நிமிடத்துக்கு ஒருமுறை எட்டும் அடுத்தடுத்துத் தங்கள் அளவைச் சொல்லும். ஒவ்வொரு அளவும் ஓர் இன்டரப்டாக வந்து, மெமரியில் ஒரு வரிசையில் சேரும். 'எண்ணிக்கை' ஒன்று கூடும். இன்னொரு பக்கம் கெர்னல் அந்த வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துப் பதிவு செய்து, எண்ணிக்கையில் ஒன்று குறைக்கும். எதை எடுப்பது என்பதை, கடைசியாக வைத்த இடத்திலிருந்து எண்ணிக்கையைக் கழித்துக் கண்டுபிடிக்கும்.

எடுக்கிற நேரத்தில் புதிதாக ஒன்று வந்து சேர்ந்தால் கணக்குக் குழம்பும் அல்லவா? அதனால் எடுப்பதற்கு முன் இன்டரப்டை நிறுத்த வேண்டும், எடுத்த பின் திறந்துவிட வேண்டும். அதே எஃப் 3, எஃப் பி வேலைதான். ரிஸ்க் ஃபைவில் நிலை ரெஜிஸ்டரில் ஒரு பிட்டை அழித்தால் இன்டரப்ட் நிற்கும். ஒரே கட்டளை. சி ஃபங்ஷனுக்குள் ஒரு வரியாக எழுதிவிட்டேன்.

லேபில் ஒரு மாதம் ஓட்டினோம். ஒரு குறையும் இல்லை. பிழை பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று மேம்படுத்தல் இல்லாமல் கம்பைல் செய்து ஓட்டியிருந்தோம். கிடங்குகளுக்கு அனுப்பும்போது, நிரல் சிறியதாகவும் வேகமாகவும் இருக்கட்டும் என்று இரண்டாம் நிலை மேம்படுத்தலைப் போட்டு அனுப்பினோம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கிடங்கிலிருந்து புகார். ராத்திரியில் சில நிமிடங்களுக்குப் பதிவு இல்லை. எட்டு சென்ஸாரில் ஒன்று விட்டுப் போயிருக்கிறது. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ தடவை. எட்டில் ஒன்று குறைந்தாலும் அந்த நிமிடத்தை 'பதிவில்லை' என்று அறிக்கை காட்டும். ஏற்றுமதியில் இது சின்ன விஷயம் இல்லை. குளிர்ச்சி அறுபடாமல் இருந்தது என்பதற்கு அந்தப் பதிவேடுதான் சாட்சி.

நிர்வாகத்தில் எங்களைக் கேட்டார்கள். "கருவி தானாகப் பதிவை விடுமா?" என்று. நான் பதில் எழுதினேன்: "விடாது. சென்ஸார் கம்பியைக் கழற்றியிருந்தால்தான் இப்படி வரும்." இந்தப் பதிலை எழுத எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பகலில் ஆபீஸ் ஆள் அறிக்கையைப் பார்த்து ஒழுங்கு பண்ணிவிட்டுப் போவதால், ராத்திரிக் குறைகள்தான் கண்ணில் பட்டன. ராத்திரி ஷிஃப்டில் இருந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் ஆபரேட்டர் அண்ணாச்சி. கதவைத் திறந்து போட்டுவிட்டு, வெப்பம் ஏறுவது தெரியாமல் இருக்கக் கம்பியைக் கழற்றிவிடுகிறார் என்று முடிவு கட்டினார்கள். பத்து நாள் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அதற்கு ஆதாரம், நான் எழுதிய அந்த ஒரு வரிப் பதில்.

அவர் போன பிறகும் பதிவு விட்டுப்போனது. அப்போதுதான் எனக்கு வியர்த்தது.

தேட ஆரம்பித்தோம். எங்கே விட்டுப்போகிறது என்று பார்க்க நடுவில் ஒரு 'பிரின்ட்' வரி போட்டால் பிழை காணாமல் போனது. எடுத்தால் வந்தது. பேய் மாதிரி. கம்பைலர் மேல் சந்தேகப்பட்டேன், சில்லு மேல் சந்தேகப்பட்டேன், மின்சாரத்தின் மேல் சந்தேகப்பட்டேன். என் மேல் மட்டும் சந்தேகப்படவில்லை. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், கல்லூரி முடித்து ஆறு மாதம்கூட ஆகாதவர், கம்பைலர் உண்டாக்கிய அசெம்பிளியை அச்சடித்து எடுத்துக்கொண்டு வந்து, "சார், எண்ணிக்கையை மெமரியிலிருந்து ஒரே தடவைதான் படிக்குது. இன்டரப்டை நிறுத்துறதுக்கு முன்னாலயே படிச்சிடுது" என்றார். "அங்க வாலடைல் போட்டிருக்கேனேம்மா, அதெல்லாம் நகராது" என்றேன். அவர் போகவில்லை. பென்சிலால் அந்த வரியைச் சுட்டிக்கொண்டே நின்றார்.

நடந்தது இதுதான். என் சி நிரலில், முதலில் 'எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல் இருக்கிறதா' என்று பார்ப்பேன். இருந்தால் இன்டரப்டை நிறுத்துவேன். பிறகு எண்ணிக்கையைப் பார்த்து எடுத்து, ஒன்று குறைப்பேன். எண்ணிக்கையை இரண்டு இடத்தில் படிக்கிறேன். மேம்படுத்துகிற கம்பைலர் என்ன யோசிக்கும்? 'இப்போதுதானே மெமரியிலிருந்து படித்து ரெஜிஸ்டரில் வைத்தேன். நடுவில் ஓர் ஒட்டிய கவர் போயிருக்கிறது. அது மெமரியைத் தொடுவதாக யாரும் எழுதவில்லை. ஆகவே பழைய மதிப்பே போதும்.' நியாயமான யோசனை. ஆனால் முதல் பார்வைக்கும் இன்டரப்ட் நிற்பதற்கும் நடுவில் உள்ள ஓரிரு கட்டளை இடைவெளியில் அடுத்த சென்ஸார் கூப்பிட்டுவிட்டால்? மெமரியில் எண்ணிக்கை இரண்டு ஆகிவிடும். கம்பைலர் கையில் இருப்பதோ பழைய ஒன்று. கடைசி இடத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் புதிதாக வந்த அளவு கைக்கு வரும். முதலில் வந்தது விட்டுப்போகும். ஒன்றிலிருந்து ஒன்றைக் குறைத்துப் பூஜ்யம் என்று எழுதிவைத்து, கணக்கை மூடிவிடும். ஓர் அளவு மாயம். கிடங்கு ஆபரேட்டர் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

'பிரின்ட்' போட்டபோது ஏன் பிழை மறைந்தது? அது வெளியே இருக்கிற ஃபங்ஷன். அது மெமரியில் என்ன செய்யும் என்று கம்பைலருக்குத் தெரியாது. அதனால் எதற்கும் இருக்கட்டும் என்று எண்ணிக்கையைத் திரும்பப் படித்துவிட்டது. தெரியாததைத் தெரியாது என்று வைத்துக்கொண்டபோது அது சரியாக நடந்தது. நான் தெரிந்தமாதிரி பட்டியலை மூடிக் கொடுத்ததுதான் தப்பு.

வாலடைல் என்ற சொல் என்னைக் காப்பாற்றவில்லையா என்று இங்கே இருக்கிற கம்ப்யூட்டர் தம்பிகள் கேட்பீர்கள். அந்தச் சொல்லுக்கு, 'இந்தக் கவரைத் தேவையில்லை என்று தூக்கிப் போட்டுவிடாதே, வேறு வாலடைல் வேலைகளோடு இதன் வரிசையை மாற்றாதே' என்று மட்டும்தான் பொருள். சாதாரண மெமரி வேலைகளை அது கட்டுப்படுத்தாது. அதற்கு வேண்டியது, மூன்றாவது பகுதியில், கலைப்புப் பட்டியலில், 'மெமரி' என்ற ஒரே ஒரு சொல். 'இதற்கு முன் படித்ததை நம்பாதே, எழுத வேண்டியதை எழுதிவிட்டு வா, பிறகு திரும்பப் படி' என்று அதற்குப் பொருள். நிறுத்துகிற வரியில் சேர்த்தேன். திறக்கிற வரியிலும் சேர்த்தேன். இல்லாவிட்டால் குறைத்த எண்ணிக்கையை மெமரியில் எழுதுவது திறந்த பிறகு நடந்துவிடலாம். கம்பைலர் உண்டாக்கிய அசெம்பிளியில், எண்ணிக்கையைத் திரும்ப மெமரியிலிருந்து எடுக்கும் கட்டளை ஒன்று புதிதாக வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு பதிவும் விடவில்லை.

லினக்ஸில் ரிஸ்க் ஃபைவ் பகுதியைத் திறந்து பார்த்தேன். அந்த ரெஜிஸ்டரைத் தொடுகிற ஒவ்வொரு துண்டிலும் 'மெமரி' என்ற சொல் இருக்கிறது. கெர்னலில் 'பேரியர்' என்று ஒன்று உண்டு. அதன் மேற்கோள் குறிக்குள் ஒன்றுமே கிடையாது. வெறும் கவர். வெளியே 'மெமரி' என்று மட்டும் எழுதியிருக்கும். எந்திரத்துக்கு ஒரு கட்டளையும் போகாது. கம்பைலருக்கு மட்டும் ஒரு சேதி போகும். வேலை செய்வது கவரின் மேல் எழுத்துதான் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

இதே போல இன்னொரு பள்ளமும் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒருவர் சாப்பிட்டுக் கழுவிவைத்த தட்டில் அடுத்தவருக்குப் பரிமாறுவார்கள் அல்லவா? கம்பைலரும் அப்படித்தான். வாங்கிக்கொண்ட ரெஜிஸ்டரையே தருகிற ரெஜிஸ்டராகவும் கொடுக்கும். எல்லாவற்றையும் வாங்கி முடித்த பிறகுதான் தருவீர்கள் என்று அது நினைக்கும். உங்கள் அசெம்பிளியில் இரண்டு மூன்று கட்டளைகள் இருந்து, முதல் கட்டளையே பதிலை எழுதிவிட்டால், இன்னும் சாப்பிடாதவன் தட்டில் பரிமாறியது போல ஆகும். அதற்கு 'ஆம்பர்சண்ட்' குறி ஒன்று போட்டு, 'இந்தத் தட்டைப் பகிராதே' என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதையும் யாரும் கேட்க மாட்டார்கள். நாம்தான் சொல்ல வேண்டும்.

தம்பி தங்கைகளுக்கு என் அனுபவத்தில் நாலு வார்த்தை. கம்பைலரே தருகிற வழி இருந்தால் அசெம்பிளி எழுதாதீர்கள். 2011ஆம் ஆண்டுச் சி தரத்திலேயே அணுச் செயல்களுக்கும் தடைகளுக்கும் சொற்கள் வந்துவிட்டன. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்றிரண்டு கட்டளைக்குமேல் போகாதீர்கள். நீண்டுவிட்டால் தனிக் கோப்பில் வையுங்கள். பெயர் வைத்த ஒரே ஃபங்ஷனுக்குள் எழுதி, எல்லோரும் அதையே அழைக்கும்படி செய்யுங்கள். பிழை வந்தால் ஒரே இடத்தில் திருத்தலாம். எந்த மேம்படுத்தலில் வெளியே அனுப்புகிறீர்களோ அந்த மேம்படுத்தலில்தான் சோதியுங்கள், கம்பைலர் உண்டாக்கியதை ஒருமுறையாவது கண்ணால் படியுங்கள். படித்துவிட்டு வந்து ஒரு சின்னப் பெண் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள்.

இப்போது ரஸ்ட் என்ற மொழி கெர்னலுக்குள் வருகிறது. 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1ல் அதற்கு இடம் கொடுத்தார்கள். அந்த மொழியிலும் அசெம்பிளியைப் பொதிய வழி உண்டு. ஆனால் வழக்கத்தை மாற்றிவிட்டார்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் மெமரியைத் தொடுகிறீர்கள் என்றே அது எடுத்துக்கொள்ளும். தொடவில்லை என்றால் அதை நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். என்னைப் போலப் பலர் இந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள் என்பது இதிலிருந்தே தெரியவில்லையா?

நம் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் இங்கே கடைசியாக நடந்த முத்துக்குளிப்புத் தொடர். மூழ்குகிறவர் இடுப்பில் கயிறு இருக்கும். மறுமுனையை வள்ளத்தில் ஒருவர் பிடித்திருப்பார். பெரும்பாலும் மச்சான்தான் பிடிப்பார் என்றும், தன் கூடப்பிறந்தவள் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்பதால் கை தளராது என்றும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மேலே இருப்பவருக்குக் கீழே நடப்பது தெரியாது. கயிறு அசைந்தால்தான் தெரியும். கீழே போகிறவர் கயிற்றைக் கட்டாமல் குதித்துவிட்டு மேலே இருப்பவரைக் குறை சொல்ல முடியாது. நான் கம்பைலரைக் குறை சொன்னது அப்படித்தான்.

கடைசியாக அந்த அண்ணாச்சி. பிழை எங்கள் பக்கம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு நேரிலேயே போனேன். அவரை வேலைக்குத் திரும்ப எடுத்து, பத்து நாள் சம்பளத்தையும் கொடுத்திருந்தார்கள். நான் தலை குனிந்துகொண்டு, "அண்ணாச்சி, தப்பு என்னுது. மிஷின்ல நான் ஒரு வார்த்தை எழுதாம விட்டுட்டேன்" என்றேன். அவர் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, மிஷினு பொய் சொல்லாதுன்னு சொன்னாங்க. சரி, சொல்லாது. அந்த மிஷினுக்குச் சொல்லிக் கொடுத்தவரு யாருன்னு ஒருத்தரும் கேக்கலியே. தெருவுல நாலு பேரு என்னைத்தான் கேட்டாங்க."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து, "கருவி தப்பு செய்யுமா?" என்று யார் கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் பதில் எழுதுவதில்லை. "செய்யலாம். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றுதான் எழுதுகிறேன்.

இந்தக் கல்லூரி எனக்கு எஃப் 3 சொல்லிக் கொடுத்தது. அதற்கு நன்றி. அந்த அண்ணாச்சி சொல்லிக் கொடுத்தது பாடத்திட்டத்தில் இல்லாதது. அதை இந்த மலரில் பதிவு செய்து வைத்தால், அடுத்து வருகிற பிள்ளைகளில் ஒருவராவது கவரின் மேல் முழுசாக எழுதுவார் என்ற ஆசையில்தான் இவ்வளவும் பேசினேன்.

இலை போட்டாயிற்று என்று செயலாளர் அண்ணன் கை காட்டுகிறார். இது இன்டரப்ட். இதை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை.